நம்ம சமையலுக்கு டிஷ்வாஷர் ஒத்துவராதா? அட போங்கய்யா!

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா போன ஞாயித்துக்கிழமை ஒரு வீட்ல பாத்த காட்சி வயித்தெரிச்சலைக் கிளப்பி விட்டுடுச்சு. எழுதித் தீத்தாதான் தூக்கம் வரும் போல இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவுதான். காபியோ டீயோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

பெரியம்மா பையன் வீடு. மேடவாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. குழந்தைக்குக் காதுகுத்து முடிஞ்ச மறுநாள். ஊர்லேருந்து வந்த சொந்தக்காரங்க பாதிப்பேர் அங்கேயே தங்கிட்டாங்க. காலைல இட்லி, வடகறி, ரெண்டு சட்னி. சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவப் போனா, சிங்க்ல மலை மாதிரி பாத்திரம். அதுக்கு முன்னாடி அண்ணி நின்னு தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு வலது பக்கம் ஒன்றரை அடி தூரத்துல, பளபளன்னு ஒரு டிஷ்வாஷர். அதுக்கு மேல வெங்காயக் கூடை. கதவைத் திறந்து பாத்தா உள்ள அரிசிப் பானை, அப்பளக் கட்டு, பழைய டிபன் கேரியர்.

"என்ன அண்ணி, மெஷின் இருக்கே?"

"அதா தம்பி? அது வேலைக்காவாது. உங்க அண்ணனையே கேளுங்க."

ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்த அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தாம சொன்னாரு: "நம்ம சமையலுக்கெல்லாம் அது ஒத்துவராதுப்பா. வெள்ளைக்காரன் சாலட் திங்கிற தட்டைக் கழுவக் கண்டுபிடிச்சது. எண்ணெயும் புளியும் அதுக்கெங்க தெரியும்? நாப்பதாயிரம் தண்டம்."

இந்த வசனத்தை நான் கேக்கறது இது முதல் தடவை இல்லீங்க. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் சொல்றாரு. கவனிச்சுப் பாருங்க, சொல்றவரு பெரும்பாலும் ஆம்பளையா இருப்பாரு. அவரு வீட்ல பாத்திரம் தேய்க்கிறது அவரா இருக்க மாட்டாரு.

நான் அரிசிப் பானையை வெளியே வச்சுட்டுக் கீழ்த் தட்டை இழுத்தேன். அடியில இருக்கிற ஃபில்டரைத் திருகி எடுத்தேன். கறுப்பா, பிசுபிசுன்னு, கறிவேப்பிலை, கடுகு, சோத்துப் பருக்கை எல்லாம் மக்கிப்போய் ஒரு அப்பு அப்பியிருக்கு. பக்கத்துல உப்பு போடுற மூடியைத் திறந்தேன். உள்ள வெறும் தண்ணி. ஒரு கல் உப்புகூடக் கிடையாது. மெஷினோட வந்த உப்புப் பாக்கெட் எங்கன்னு கேட்டா, பிரிக்காம பரண்ல இருக்கு. மேனுவலும் அதே கவர்ல, அதே பரண்ல.

"அண்ணே, இந்த ஃபில்டரை எப்ப கழுவினீங்க?"

"ஃபில்டரா? அதுல ஃபில்டர் வேற இருக்கா?"

வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. அவ்வ்வ்வ்வ்!

இதுதான் என் கட்சி. நேரடியாவே சொல்லிடறேன். நம்ம வீடுகள்ல சும்மா கிடக்கிற டிஷ்வாஷர்கள்ல முக்காவாசி கெட்டுப்போனது இல்ல. அதுக்கு உப்புப் போட்டு, ஃபில்டர் கழுவி, மேனுவல் படிக்கிற வேலை யாரோடதுன்னு அந்த வீட்ல யாரும் முடிவு பண்ணல, அவ்வளவுதான். பைக்குக்கு ஆயில் மாத்தறது ஆம்பளை வேலைன்னு யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியுது. அடுப்படிக்குள்ள வந்துட்டா மட்டும் மெஷினும் பொம்பளை சமாச்சாரம் ஆயிடுது. ஒழுங்கா ஓடலைன்னா "நம்ம சமையலுக்கு ஒத்துவராது"ன்னு தீர்ப்பு. தீர்ப்பு சொன்னவரு பேப்பர் படிக்கப் போயிடுவாரு. பழைய மாதிரி சிங்க் முன்னாடி நிக்கிறது அண்ணி.

சாலட் தட்டு கதை

முதல்ல இந்த "வெள்ளைக்காரன் சாலட்" கதையை முடிச்சுடுவோம். டிஷ்வாஷர் தயாரிச்சு விக்க ஆரம்பிச்சது ஜோசபின் காக்ரேன்னு ஒரு அமெரிக்க அம்மா. கணவர் 1883-ல இறந்துபோய், கடனை விட்டுட்டுப் போயிட்டாரு. அந்தம்மா வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில வச்சு மெஷினை உருவாக்கி, 1886-ல காப்புரிமை வாங்கி, 1893-ல சிகாகோ உலகக் கண்காட்சியில கொண்டுபோய்க் காட்டினாங்க. முதல்ல வாங்கினது யாருன்னு நினைக்கிறீங்க? ஓட்டலும் உணவு விடுதியும்தான். நூத்துக்கணக்குல எச்சில் தட்டு குவியற இடம். சாலட் தட்டு நாலைக் கழுவறதுக்கா அவங்க காசு கொடுத்து வாங்கினாங்க? கறிக் கொழுப்பும் தட்டோட உருகி ஒட்டின சீஸும் நம்ம வடகறிக்கு எந்த விதத்துலயும் இளைச்சது இல்லீங்க.

அடுத்தது, உள்ள நடக்கிற சமாச்சாரம். வாஷிங் மெஷின் மாதிரி இதுல தண்ணி ரொம்பாது. அடியில மூணு நாலு லிட்டர்தான் எடுக்கும். அதையே சூடாக்கி, பம்ப் வச்சு, சுத்தற கை வழியாப் பாத்திரத்து மேல திரும்பத் திரும்பப் பீய்ச்சி அடிக்கும். அப்புறம் அதை வெளியேத்திட்டுப் புதுத் தண்ணி எடுக்கும். இன்டென்சிவ் வாஷ்ல தண்ணி 65, 70 டிகிரி வரைக்கும் போகும். அந்தச் சூட்டுல உங்க கையை வைக்க முடியுமா? எண்ணெய்ப் பிசுக்கு அங்கேயே இளகிடும். டிடெர்ஜென்ட்ல காரம் இருக்கு. மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கிற என்சைம் இருக்கு. காய்ஞ்ச இட்லி மாவும் சோத்துக் கஞ்சியும் மாவுச்சத்துதானே? அதுக்கு ஆங்கிலேய மாவு, தமிழ் மாவுன்னு வித்தியாசம் பாக்கத் தெரியாது :-)

இப்ப என் கொசுவத்தி

அண்ணனை இவ்வளவு திட்டறேனே, நான் என்ன யோக்கியமா? இல்லீங்க. ஒரு கொசுவத்தியைக் கொளுத்திக்கிறேன்.

2020 ஊரடங்குல வேலைக்கு வர்ற அக்கா வர முடியாமப் போச்சு. வீட்டுக்குள்ள அஞ்சு பேர், மூணு வேளைச் சாப்பாடு. அம்மாவும் தங்கமணியும் மாத்தி மாத்தித் தேய்ச்சாங்க. நாள் முழுக்கத் தண்ணிலயே கை ஊறினதுல அம்மாவுக்கு நகச்சுத்தி வந்துடுச்சு. எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரல்ல சொருகிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதைப் பாத்துட்டு, பெரிய வீரன் மாதிரி ஆன்லைன்ல டிஷ்வாஷர் ஆர்டர் பண்ணினேன்.

வந்தது. நாலு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் கண்ணாடி டம்ளர் எல்லாம் விபூதி பூசின மாதிரி ஆச்சு. எவர்சில்வர் தட்டுல வெள்ளைத் திட்டு. பருப்புப் பாத்திரத்துல பருப்பு அப்படியே இருந்துச்சு. நான் சொன்ன வசனம் என்ன தெரியுமா? அதேதான்: "நம்ம சமையலுக்கு ஒத்துவராது போல." தங்கமணி பதில் ஒண்ணும் சொல்லல. பாத்திரத்தை எல்லாம் முதல்ல சிங்க்ல சோப்பு போட்டுக் கழுவிட்டு, அதுக்கப்புறம் மெஷின்ல போட ஆரம்பிச்சாங்க. வெளியே எடுத்த பிறகு வெள்ளை போக இன்னொரு தடவை துடைச்சு வச்சாங்க. இது ஒரு வருஷத்துக்கு மேல நடந்துச்சு. எனக்குத் தெரியவே தெரியாது. பாத்திரம் சுத்தமா இருக்கு, மெஷின் நல்லா ஓடுதுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்து போனா, தங்கமணி சிங்க் முன்னாடி நிக்கிறாங்க. "மெஷின்ல போடலாமே"ன்னு கேட்டேன். "மெஷின்ல போடறதுக்குத்தான் கழுவிக்கிட்டு இருக்கேன். நீங்க வாங்கிக் கொடுத்ததுலேருந்து எனக்கு ரெண்டு வேலை"ன்னு சொன்னாங்க. கோவமா சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. சாதாரணமா சொன்னாங்க. அதுதான் உறைச்சுது.

சர்வீஸுக்குக் கூப்பிட்டேன். வந்தவரு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, "ஹீட்டர் போயிடுச்சு சார், மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னாரு. அன்னிக்குக் கையில காசு இல்லாததாலதான் தப்பிச்சேன். அன்னிக்கு ராத்திரி முதல் தடவையா மேனுவலைப் படிச்சேன். நாப்பது பக்கம். ஹீட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. குறை இருந்தது எங்க தண்ணில. அப்புறம் என்கிட்ட.

பழுதுன்னு நாம சொல்றதும், நிஜமான காரணமும்

இனி வர்றது ஆளாளுக்குச் சொல்ற "பழுது"களோட பட்டியல். ஒவ்வொண்ணுக்கும் சர்வீஸ் ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்களே பாக்க வேண்டியது என்னன்னு சொல்றேன். கையை உள்ள விடறதுக்கு முன்னாடி ஸ்விட்சை அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. அது முக்கியம்.

ஒண்ணு: வெள்ளையா படியுது. சென்னைல போர் தண்ணி, லாரித் தண்ணி குடிக்கிற மெஷின்கள்ல நம்பர் ஒன் புகார் இதுதான். இது சுண்ணாம்பு. கடினத் தண்ணில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சூட்டுல படியுது. குடிதண்ணிக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு சொல்லுது, வேற வழியே இல்லைன்னா 600. எங்க போர் தண்ணியை மீன் தொட்டிக் கடையில விக்கிற சொட்டு கிட் வாங்கிச் சோதிச்சேன். ஒரு சொட்டுக்கு ஒரு ஜெர்மன் டிகிரி. 44 சொட்டு விட்ட பிறகுதான் நிறம் மாறுச்சு! ஒரு டிகிரின்னா லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். அப்ப சுமார் 780. கிட்டத்தட்டச் சுண்ணாம்புக் கரைசல்லதான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்திருக்கோம்.

இதுக்கு வழி மெஷினுக்குள்ளேயே இருக்கு. அடியில ரெசின் அடைச்ச ஒரு மென்னீராக்கி இருக்கும். அது கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு சோடியத்தை விடும். ரெசின் ரொம்பிப் போச்சுன்னா உப்புத் தண்ணி ஊத்தி அலசித்தான் அதைப் புதுப்பிக்கணும். அதுக்குத்தான் அந்த உப்பு. அது பாத்திரத்து மேல படறதே இல்ல. உப்பு தீந்துபோனா மென்னீராக்கி வெறும் அலங்காரம். சமையல் தூள் உப்பு போடாதீங்க. அதுல அயோடினும், கட்டி பிடிக்காம இருக்கச் சேர்க்கிற சமாச்சாரமும் இருக்கு. டிஷ்வாஷர் உப்புன்னே தனியா விக்குது, கல்லு கல்லா இருக்கும். முதல் தடவை மட்டும் அந்தத் தொட்டில தண்ணி ஊத்தணும். உப்பு போட்ட உடனே ஒரு வாஷ் ஓட விடுங்க. சிந்தின உப்பு அப்படியே கிடந்தா எவர்சில்வரையே அரிச்சிடும்.

உப்பு போட்டா மட்டும் போதாது. உங்க தண்ணியோட கடினத்தன்மை எவ்வளவுன்னு மெஷின்ல செட் பண்ணணும். என்னுது கடையிலேருந்து வந்த நடு அளவுலயே இருந்துச்சு. ஏத்தி வச்சு, அரை டஜன் வாஷ் ஓடின பிறகு டம்ளர் பளிச்சுன்னு ஆச்சு. "எங்க மாத்திரையிலேயே உப்பு இருக்கே"ன்னு சொல்றவங்க கவனிக்க: அந்த ஆல் இன் ஒன் மாத்திரை பலதும் சுமார் 21 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். என் தண்ணி 44.

இன்னொண்ணு. டிடிஎஸ் மீட்டரை வச்சுக்கிட்டு "எங்க தண்ணி 400தான், நல்ல தண்ணி"ன்னு மார் தட்டறவங்க இருக்காங்க. அந்த மீட்டர் தண்ணில கரைஞ்ச எல்லா உப்பையும் சேத்துக் காட்டும். அதுல கால்சியம் எவ்வளவுன்னு சொல்லாது. கடினத்தன்மையைத் தனியாத்தான் பாக்கணும்.

வெள்ளையா இருக்கிற டம்ளர்ல ஒரு சொட்டு வினிகர் விட்டுத் தேயுங்க. போயிடுச்சுன்னா சுண்ணாம்பு. போகலைன்னா கண்ணாடியே அரிச்சுப் போச்சுன்னு அர்த்தம். அதுக்கு மருந்து கிடையாது.

ரெண்டு: அழுக்கு போகல, மண் மாதிரி ஒட்டுது. ஃபில்டர்! ஃபில்டர்! ஃபில்டர்! கீழ்த் தட்டை வெளியே எடுத்தா நடுவுல வட்டமா இருக்கும். இடது பக்கமாத் திருகினா வந்துடும். பழைய டூத் பிரஷ் போட்டுக் குழாயடியில கழுவுங்க. தேங்காய்ச் சக்கை, கடுகு, கறிவேப்பிலை போடற வீட்ல வாரம் ஒரு தடவை. அடுத்து, சுத்தற கைகளைக் கழட்டிக் குலுக்கிப் பாருங்க. ஓட்டையில சோத்துப் பருக்கை மாட்டியிருந்தா, விளக்குமாத்து ஈர்க்குச்சியால குத்தி எடுங்க. இதைவிடச் சிறந்த கருவியை எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கல.

அடுக்கறதுலயும் விஷயம் இருக்கு. டம்ளரை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி வச்சா தண்ணி எங்கேருந்து போகும்? எல்லாத்தையும் கவுத்து, தண்ணி அடிக்கிற பக்கமாப் பாக்க வைங்க. இட்லித் தட்டை நிமித்தி வைங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சுத்தற கையை விரலால ஒரு சுத்து சுத்துங்க. குண்டான் காதுல இடிச்சா அது சுத்தாது. அது சுத்தலைன்னா ரெண்டரை மணி நேரமும் வேஸ்ட்.

முன்கூட்டிக் கழுவற வேலை வேண்டவே வேண்டாம். எச்சிலைக் குப்பையில தட்டிட்டு அப்படியே போடுங்க. ஆட்டோ வாஷ் இருக்கிற மெஷின்ல தண்ணி எவ்வளவு கலங்கியிருக்குன்னு பாக்கிற சென்சார் இருக்கும். நீங்க முன்னாடியே கழுவிட்டா, அது "ஆகா, சுத்தமாத்தான் இருக்கு"ன்னு மேலோட்டமாக் கழுவிட்டு முடிச்சிடும். அப்ப தங்கமணி ஒரு வருஷம் பட்ட பாட்டைக் கணக்குப் போட்டுக்குங்க.

மூணு: அடியில தண்ணி நிக்குது. ஃபில்டர் அடியில கொஞ்சமாத் தண்ணி இருந்தா அது சகஜம். தட்டு முழுக்க நின்னாத்தான் பிரச்சினை. ஃபில்டரைப் பாருங்க. அப்புறம் பின்னாடி போற டிரெயின் ஹோஸ் மடங்கியிருக்கா, சிங்க் அடியில அது சேர்ற இடம் அடைச்சிருக்கா பாருங்க. கடைசியா, தண்ணியை ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்துட்டு, ஃபில்டர் குழியில இருக்கிற பம்ப் மூடியைக் கழட்டிப் பாருங்க. உடைஞ்ச கண்ணாடித் துண்டு இருக்கலாம், வெறுங்கையை விடாதீங்க. எங்க வீட்ல ஒரு தடவை மாட்டினது எலுமிச்சை விதை. ஒரே ஒரு விதை! கூப்பிட்டிருந்தா "மோட்டார் போச்சு"ன்னு சொல்லியிருப்பாங்களோ என்னவோ.

நாலு: தண்ணியே ஏற மாட்டேங்குது. குழாய் திறந்திருக்கான்னு முதல்ல பாருங்க (சிரிக்காதீங்க, எனக்கே நடந்துச்சு). மெஷினுக்குத் தண்ணி வர்ற ஹோஸோட முனையில ஒரு சின்ன வலை இருக்கும். லாரித் தண்ணி மண்ணு அங்கதான் அடைக்கும். அதுவும் சரியா இருந்தா, அழுத்தம். பல மெஷினுக்குக் குறைஞ்சது 0.5 பார் வேணும். பத்து மீட்டர் உசரத்துலேருந்து தண்ணி இறங்கினா ஒரு பார். அப்ப அஞ்சு மீட்டர் உசரமாவது இருக்கணும். நீங்க கடைசி மாடி, தொட்டி உங்க தலைக்கு மேலயே மூணு மீட்டர்லன்னா, எப்படி ஏறும்? பிரஷர் பம்ப் போடணும். மெஷின் மேல தப்பு இல்ல.

அஞ்சு: நுரையா பொங்கி, எர்ரர் காட்டி நின்னுடுச்சு. யாரோ பாத்திரம் கழுவற லிக்விடை ஊத்தியிருப்பாங்க. டிஷ்வாஷர் டிடெர்ஜென்ட் நுரை வராம இருக்கறதுக்குன்னே செஞ்சது. சாதா லிக்விட் நுரைச்சுப் பொங்கி, அடித்தட்டுல கசியும். அங்க ஒரு மிதவை ஸ்விட்ச் இருக்கு. தண்ணி பட்டா மெஷினை நிறுத்திடும். அது பழுது இல்ல, உங்க வீட்டுத் தரையைக் காப்பாத்தற ஏற்பாடு.

ஆறு: காயவே இல்ல. பெரும்பாலான மெஷின்ல காத்து ஊதிக் காய வைக்கிற ஏற்பாடு கிடையாது. கடைசி அலசல் சூட்டுல ஈரம் ஆவியாகிச் சுவத்துல படிஞ்சு வடியும். ரின்ஸ் எய்ட் ஊத்தினா தண்ணி முத்து முத்தா நிக்காம வழிஞ்சிடும். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவைத் திறந்து விடுங்க. பிளாஸ்டிக் டப்பா சூட்டைப் பிடிச்சு வைக்காது. அது ஈரமாத்தான் இருக்கும். அதுல ஏறின மஞ்சள் கறையும் லேசுல போகாது. அதை ஒத்துக்கறேன்.

ஏழு: நாத்தம். மறுபடியும் ஃபில்டர். அப்புறம் கதவோட கீழ் ஓரம், ரப்பர் மடிப்பு. அங்க தண்ணி அடிக்காது, துணியால நாமதான் துடைக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை சிட்ரிக் ஆசிட் போட்டு, பாத்திரமே இல்லாம ஒரு சுடுதண்ணி ஓட்டம் விடுங்க.

அவ்வளவுதாங்க. இந்த ஏழையும் பாத்த பிறகும் சரியாகலைன்னா சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க. பம்ப், ஹீட்டர், போர்டு எல்லாம் நிஜமாவே போறதும் உண்டு. ஆனா நிஜப் பழுதுக்குக் கூப்பிடறது வேற, உப்பு தீந்ததுக்குக் கூப்பிடறது வேற.

எதிர்க்கட்சி வாதங்கள்

"இரும்பு தோசைக்கல்லையும் அலுமினியக் குக்கரையும் போட முடியாதே?" முடியாது. தோசைக்கல் துருப்பிடிக்கும், அலுமினியம் கறுத்துடும். ஈயச் சொம்பு, பித்தளை, மரக்கரண்டி, நான்ஸ்டிக் எல்லாம் வெளியேதான். எங்க வீட்ல அது தினம் நாலஞ்சு உருப்படி. மிச்சம் நாப்பதும் எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி. நாலைக் கையில கழுவணும்கிறதுக்காக நாப்பதையும் கையில கழுவச் சொல்றது என்ன நியாயம்?

"தண்ணியும் கரண்டும் தண்டம்." முழு லோடுக்குச் சுமார் பத்துப் பன்னெண்டு லிட்டர் தண்ணி, ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட். குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அத்தனை பாத்திரத்தையும் பத்து லிட்டர்ல கழுவிக் காட்டுங்க, நான் இந்தப் பதிவைத் தூக்கிடறேன். 2019 கோடையில செம்பரம்பாக்கமும் பூண்டியும் வறண்டு, லாரிக்குக் குடத்தோட நின்னவங்களுக்குப் பத்து லிட்டரோட மதிப்பு நல்லாவே தெரியும்.

"ரெண்டரை மணி நேரம் ஆகுதே?" ஆகட்டுமே! நின்னு பாத்துக்கிட்டா இருக்கப் போறீங்க? குறைஞ்ச தண்ணியைச் சூடாக்கித் திரும்பத் திரும்ப அடிக்கிறதால நேரம் ஆகுது. ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க.

"வேலைக்கு வர்ற அக்கா பொழப்புல மண்ணா?" இந்தக் கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். எங்க வீட்டுக்கு வர்ற அக்கா இப்பவும் வர்றாங்க. சம்பளம் குறையல. பாத்திரத்துக்குப் பதிலா அரை மணி முன்னாடி வீட்டுக்குப் போறாங்க. எல்லா வீட்லயும் இப்படி நடக்காதுன்னு தெரியும். அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்களும் நானும். மெஷின் மேல பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

முடிவா

ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்ல என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? ஃபில்டரை அண்ணன் கையிலயே கொடுத்து, சிங்க்கைக் காட்டினேன். முகத்தைச் சுளிச்சுக்கிட்டே தேய்ச்சாரு. பரண்ல இருந்த உப்பு கல்லாக் கெட்டிப்பட்டிருந்துச்சு, தட்டி உடைச்சுப் போட்டோம். முதல் லோடு சுமாராத்தான் வந்துச்சு. வெள்ளைத் திட்டு இருந்துச்சு. ரெசின் சரியாக நாலஞ்சு வாஷ் ஆகும்னு சொன்னேன். "பாத்தியா, நான்தான் சொன்னேனே"ன்னு அண்ணன் ஆரம்பிச்சாரு. அண்ணி குறுக்கிட்டு, "நாலஞ்சு வாஷ்தானே, பாத்துடுவோம். அந்த வெங்காயக் கூடையைக் கொஞ்சம் இறக்கி வைங்க"ன்னு சொன்னாங்க. நேத்து போன் பண்ணினேன். நாலாவது லோடு ஓடிக்கிட்டு இருக்காம். ஃபில்டரை யார் கழுவினதுன்னு கேட்டேன். அண்ணிதானாம்.

பாத்தீங்களா? அதனாலதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியிருக்கு.

எங்க வீட்ல இப்ப ஒரு சட்டம். சனிக்கிழமை காலைல ஃபில்டர், உப்பு, ஈர்க்குச்சி எல்லாம் என் வேலை. யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. ஞாபகப்படுத்தறதும் ஒரு வேலைதான், அதையும் தங்கமணி தலையில கட்டக் கூடாதில்லையா? எனக்குப் பத்து நிமிஷம் ஆகுது. அம்மா விரல்ல எலுமிச்சம்பழம் பாத்து நாளாச்சு.

ரங்கமணிகளே, இதைப் படிச்சு முடிச்சதும் "சூப்பர் பதிவு", "ரிப்பீட்டே"ன்னு பின்னூட்டம் போட்டுட்டுப் போகாதீங்க. எழுந்து அடுப்படிக்குப் போங்க. கீழ்த் தட்டை இழுங்க. ஃபில்டரைத் திருகி எடுங்க. என்ன இருந்துச்சுன்னு அப்புறம் வந்து சொல்லுங்க.

டிஸ்கி 1: நான் எந்த டிஷ்வாஷர் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்ல. கம்பெனிக்காரங்க மேலயும் கோவம்தான். மெஷினைக் கொண்டுவந்து மாட்டறவரு உப்பு, ஃபில்டர் பத்தி வீட்ல எல்லாருக்கும் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்தா பாதிப் பிரச்சினை தீரும்.

டிஸ்கி 2: "எங்க வீட்ல டிஷ்வாஷரே நான்தான்"னு ஜோக் அடிக்கிற நண்பர்களுக்கு: நிஜமாவே நீங்கதான்னா, உங்களுக்கு ஒரு பெரிய சல்யூட். இல்லைன்னா அந்த ஜோக்கைத் தங்கமணி முன்னாடி சொல்லிப் பாருங்க. வர்ட்டா!